அக்கம்பக்கத்தினர் மீட்டனர்

“காலையில் போனைத் திறந்தால் கொலை, விபத்து, மோசடி. நேற்று தஞ்சாவூரிலிருந்து வரும் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் முழித்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து செய்தியைப் பார்த்ததும் அது போய்விட்டது. இப்படிச் சின்னச் சின்ன நல்லதை வைத்து மனிதர்களை நம்பலாமா, இல்லை அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஆறுதல் கேட்டதாக எனக்குப் படவில்லை. பஸ்ஸில் கண்ணால் பார்த்ததும் போனில் படித்ததும் இரண்டு சாட்சிகள்போல ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கின்றன, யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். அந்த இரண்டாவது சாட்சியைத் தயார் செய்து அனுப்பும் வேலையில் நான் முப்பது வருடம் இருந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து சென்டிமீட்டர் கணக்கில் காசு. ஆரம்பத்தில் ஃபேக்ஸ்கூட இல்லை. எழுதிக் கவரில் போட்டு, திருச்சி போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அங்கே ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். எத்தனையோ வருடம் அந்தக் கண்டக்டர்கள் ஒரு டீகூட வாங்கிக்கொள்ளாமல் கவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கவருக்குள் இருந்ததெல்லாம் வெட்டு, குத்து, வழிப்பறி. மனிதர்கள் இப்படி ஆகிவிட்டார்களே என்று நான் எழுதிய செய்தி, இன்னொரு மனிதர் சும்மா செய்த உதவியில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. அப்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நாள்தோறும் நடப்பதில் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டுவது செய்தியின் வேலை கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைவரை ஒழுங்காக வந்துவிட்டால் அதற்கு நான்கு வரி. ஒரு இடத்தில் கரை உடைந்தால் படத்தோடு முதல் பக்கம். உடையாத கரைகளின் நீளத்தை யாரும் அச்சடிப்பதில்லை. விபத்து என்று போன் செய்தால், செய்தியைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் டெஸ்க்கில் முதல் கேள்வி “சாவு எத்தனை?” என்பதுதான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அத்தனை தாலுகாவிலிருந்து வருவதையும் சில பக்கங்களுக்குள் அடைக்க வேண்டும், அதற்கு ஒரு அளவுகோல் வேண்டுமே. இதில் வாசகருக்கும் பங்கு உண்டு. நல்ல செய்தி தருவதற்கென்றே தொடங்கிய அப்வொர்த்தி என்ற அமெரிக்கத் தளத்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. தலைப்பில் ஒரு கெட்ட சொல் கூடினால் அதை அழுத்துகிறவர்கள் 2.3 சதவீதம் கூடுகிறார்கள். நல்ல சொல் கூடினால் குறைகிறார்கள். நீங்களும் நானும் எதை அழுத்துகிறோமோ அதையே போன் மறுபடி மறுபடி கொண்டுவந்து நீட்டுகிறது.

இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று, எழுதிய எனக்கே ரொம்ப நாள் தெரியாத ஒன்று, செய்திக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் செய்திக்கு ஒரு அச்சு உண்டு. முதலில் ஊர், பெயர், வயது. அப்புறம் எப்படி நடந்தது. கடைசி வரி, ‘இதுகுறித்து போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். ‘அக்கம்பக்கத்தினர் அவரை மீட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தனர்.’ ‘அவ்வழியே சென்றவர்கள் அளித்த தகவலின்பேரில்.’ ‘சத்தம் கேட்டு ஓடிவந்த பொதுமக்கள்.’ எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை, கை தானாக எழுதும். இடம் போதாவிட்டால் டெஸ்க்கில் முதலில் வெட்டுவதும் இந்த வரியைத்தான். குத்தியவனுக்குப் பெயர், வயது, தகப்பன் பெயர், தெருப்பெயர் எல்லாம் இருக்கும். தூக்கிக்கொண்டு ஓடிய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர், அக்கம்பக்கத்தினர்.

இது எனக்கு உறைத்த நாள் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம், வேதாரண்யம் சாலையில் ஒரு வளைவு. சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பையனை லாரி தட்டிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் பையனை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் ஒருவர், சேலையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தார். வேன் கிடைக்கிறவரை முக்கால் மணி நேரம் பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அந்த நேரத்தில் கூடையை ஆடுகள் மேய்ந்துவிட்டன. காலையில் வட்டிக்கு வாங்கிய காசில் எடுத்த சரக்கு. நான் பையனின் பெயர், வகுப்பு, லாரி நம்பர் எல்லாம் குறித்துக்கொண்டேன். அந்த அம்மாளின் பெயரைக் கேட்கவில்லை. மறுநாள் அதே வழியில் போனபோது கைகாட்டி வண்டியை நிறுத்தினார். போன சரக்குக்கு ஏதாவது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “நீங்கதானே தம்பி பேப்பர்காரரு? அந்தப் புள்ள பொழச்சுக்கிட்டானா?” என்றார். எனக்குத் தெரியாது. செய்தி அனுப்பியாயிற்று, எட்டு சென்டிமீட்டர் வந்தாயிற்று, என்னளவில் அது முடிந்த கதை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இந்த வரி எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் மட்டும் வெட்டப்படுவதில்லை. 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நகரத்து மனிதர்களுக்கு ஈரம் இல்லை என்பதற்கு உதாரணமாக அது உளவியல் பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2016-ல் கொலையாளி சிறையில் இறந்தபோது, எங்கள் பழைய செய்தி தவறு, எண்ணிக்கை மிகை என்று அதே பத்திரிகை எழுதியது. பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டுக் கொலையாளியை விரட்டியிருக்கிறார். சோஃபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கத்தியோடு அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் ஓடிப்போய், கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செய்தியில் அவர் இல்லை. நான் இதைப் படித்தபோது எனக்கு வெள்ளரிக் கூடைதான் ஞாபகம் வந்தது.

அப்படியானால் அந்த அம்மாளைப் போன்றவர்கள் விதிவிலக்கா? 2019-ல் வந்த ஒரு ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் என்று மூன்று நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தெருத் தகராறுகளைப் போட்டுப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து தடுக்கவோ சமாதானப்படுத்தவோ முயன்றிருக்கிறார். கூட்டம் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடியது. அது அந்த ஊர்களின் கணக்கு, நம் ஊர்க் கடைத்தெருவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் நான் எழுதிய அந்த வரியோடு அது ஒத்துப்போகிறது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு. இந்தியா உட்பட 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லிக் கடை, வங்கி, அலுவலகம் என்று ஒப்படைத்து, எத்தனை உரியவருக்குத் திரும்புகின்றன என்று பார்த்தார்கள். பணம் இருந்த பர்ஸ்களே அதிகம் திரும்பின. பொருளாதார நிபுணர்கள்கூட இதை முன்கூட்டிக் கணிக்கவில்லை. இதனால்தான் ‘பத்துப் பவுனை ஒப்படைத்த நேர்மையான ஆட்டோ டிரைவர்’ என்று பெட்டி கட்டிப் போடும் செய்திமேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நானே நிறைய எழுதியிருக்கிறேன். மற்ற டிரைவர்கள் ஒப்படைக்கமாட்டார்கள் என்றல்லவா அந்தப் பெட்டி சொல்லாமல் சொல்கிறது?

இதுவரை சொன்னதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. இனிமேல் சொல்வது அவ்வளவு நேராக இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் பக்கத்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நான் அங்கே போனபோது கடற்கரையிலிருந்து சனம் மேற்கே நடந்துகொண்டே இருந்தது. திருவாரூர் சாலையில் சிக்கல், கீழ்வேளூர் என்று உள்ளே வர வர, ஊர்க்காரர்கள் கல்யாண மண்டபங்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு உலை வைத்திருந்தார்கள். உத்தரவு எதுவும் வருவதற்கு முன்னாலேயே சோறு வந்துவிட்டது. நாகூர் தர்கா, இறந்தவர்களை மதம் பார்க்காமல் அடக்கம் செய்யத் தன் இடத்தைக் கொடுத்தது. இது ஒரு பக்கம். அதே நாட்களில் சில முகாம்களில் தலித் மக்களைச் சேர்க்க மறுத்ததும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடாமல் தடுத்ததும் நடந்தது. வெளியூர்களிலிருந்து அன்போடு அனுப்பிய பழைய துணிகள் யாரும் தொடாமல் சாலையோரம் குப்பையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவன் மானத்தையும் இழந்திருப்பான் என்று எப்படியோ நினைத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்து டோக்கன், பட்டியல் என்று சண்டையும் ஆரம்பித்தது. முதல் நாள் கருணை எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜம் பதினோராவது நாள் சண்டை.

இன்னும் கசப்பான ஒன்று இருக்கிறது. அந்தக் கீழ்வேளூர்ப் பக்கம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தீ வைத்தவர்களும் அக்கம்பக்கத்தினர்தான். அந்தச் சொல் எப்போதும் காப்பாற்றும் என்று நான் சொன்னால் அது பொய். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து என்று பெரிய காரியம்தான். ஆனால் சத்திரங்களில் பந்தி சாதி பார்த்தே போடப்பட்டது. நம் கருணைக்கு எல்லைக்கல் உண்டு, அதை நட்டதும் நாம்தான். இந்த எல்லை மெல்ல நகர்கிறதா, நகர்வதுபோலத் தெரிகிறதா என்பதில் என் எண்ணம் வருடத்துக்கு ஒரு தரம் மாறுகிறது.

கருணையால் ஆகாத காரியங்களும் உண்டு. டெல்டா விவசாயிகள் சங்கம் 1983-ல் காவிரிக்காக உச்ச நீதிமன்றம் போனது. முன்னின்றவர் மன்னார்குடி ரங்கநாதன். அதே மனிதர் 2003-ல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து தொடங்கிய ‘காவிரிக் குடும்பம்’ அமைப்பிலும் இருந்தார். அங்குள்ளவர்கள் இங்கே வந்து காய்ந்த வயலைப் பார்த்தார்கள், இங்குள்ளவர்கள் அங்கே போய் அவர்கள் கஷ்டத்தைப் பார்த்தார்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீர்ப் பங்கு அதனால் முடிவாகவில்லை. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம்தான் 177.25 டி.எம்.சி. என்று அளந்து சொன்னது. அதற்காக அந்தச் சாப்பாடு வீண் என்று சொல்லமாட்டேன். வழக்கு நடத்திக்கொண்டே எதிராளியை வீட்டுக்கு அழைக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் நியாயம் வேண்டிய இடத்தில் அன்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பதை கஜா புயலில் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேரோடு போயிற்று. நான்காம் நாள் ஒரு கிராமத்தில் சாலை மறியல். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, எட்டிப் பார்க்க ஆள் இல்லை என்று ஆத்திரம். அதிகாரி வண்டியை மறித்து, வாய்க்கு வந்தபடி பேசினார்கள். எழுதி அனுப்பினேன், பெரிதாக வந்தது. அடுத்த வாரம் அதே ஊருக்குப் போனபோது, மறியலில் முன்னால் நின்ற அதே பையன்கள் முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள், வெளியூரிலிருந்து வந்த வயர்மேன்களுக்காக. வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை வைத்து அவர்களுக்குச் சாப்பாடு. கூரை போன வீட்டிலிருந்தும் குழம்பு வந்தது. கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் டெல்டாவுக்கு வந்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் அவர்கள் ஊர் வெள்ளத்தில் மூழ்கி, இங்கிருந்து அரிசி போயிருந்தது. கம்பம் சுமந்ததை எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று நின்றுவிட்டது.

நம்பிக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, நடப்பது நடக்கும் என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தார். அது சரியில்லை. அதே 2018 மே மாதம் குழந்தை கடத்தல் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாடெங்கும் ஓடியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைக் கடத்தல்காரி என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அவர் காட்டிய அன்பே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எல்லாரும் கெட்டவர்கள் என்று நம்பத் தொடங்கிய ஊரில் மிட்டாய் கொடுப்பதும் குற்றம். ஆகவே நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பது உங்கள் மனசுக்குள் மட்டும் இருந்துவிடுகிற விஷயம் இல்லை.

இன்னொன்று. அடிபட்டவரைப் பார்த்தும் ஒதுங்கிப் போனவர்களில் பலர் நெஞ்சில் ஈரம் இல்லாமல் போனவர்கள் இல்லை, போலீஸ், கோர்ட் என்று அலைய பயந்தவர்கள். நான் பேசிப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. உதவி செய்தவர் பெயர், விலாசம் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் வலுக் கொடுத்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. இது தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும், மற்றவர்களும் கை கொடுப்பார்கள்.

நான் மருத்துவன் இல்லை. செய்தி பார்த்துத் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால் என் அனுபவக் கதை மருந்தாகாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த அளவுக்கு இல்லையென்றால் நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் ஒரு தடவை மட்டும் செய்தி. அதிலும் அந்தக் கடைசிக்கு முந்தைய வரியை நின்று படிப்பேன். அந்த வரி இல்லாவிட்டால், யார் தூக்கியிருப்பார்கள், யார் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பேன். தானாக ஒரு உடம்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராது இல்லையா? வெள்ளரிக்கார அம்மாளுக்குப் பிறகு என் நோட்டின் பின்பக்கங்களில் அப்படிப்பட்டவர்களின் பெயரைக் கேட்டு எழுதி வைக்க ஆரம்பித்தேன். பத்திரிகையில் வராத பெயர்கள். பாதிப் பேர் “எதுக்குங்க அதெல்லாம்” என்று சொல்லாமலே போய்விட்டார்கள், அவர்களை ‘நீலச்சட்டை’, ‘டீக்கடைப் பெரியவர்’ என்று குறித்திருக்கிறேன். உங்களுக்கு டிக்கெட் எடுத்தவரை நீங்களும் எங்காவது எழுதி வையுங்கள்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டான். அதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் வெள்ளரி சீசன் முடிந்துவிட்டது. வளைவில் அந்த அம்மாள் இல்லை. பெயர் தெரியாததால் யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. இப்போதும் பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் போனால், கூடையோடு யாராவது நின்றிருந்தால் வண்டியை நிறுத்தி முகத்தைப் பார்ப்பேன். அவராக இருக்காது. பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.